மாணவர் வாழ்வும் மாலை வேளையும்

பல்கலைக்கழகம் என்றதும் விரிவுரை மண்டபமும் நூலகமும் பரீட்சையும் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. ஆயினும், மூன்று நான்கு ஆண்டுகள் அங்கே வாழ்ந்து வெளியேறிய ஒருவரிடம் 'உமக்கு எது நினைவில் நிற்கிறது?' என்று கேட்டால், அவர் பெரும்பாலும் விரிவுரையைச் சொல்லார். விடுதி விறாந்தையிற் பாடிய பாட்டு, இரவிரவாக ஒத்திகை பார்த்த நாடகம், ஒரு பிளேன்ரீயை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வாதாடிய ஒரு சினிமாப் படம், இவற்றையே சொல்வார். கற்றவை மறந்துபோக, பொழுதுபோக்கியவை நிற்பது வியப்பானதுதான். ஆனால் அப்பொழுதுபோக்குகளை அற்பம் என்று தள்ளிவிடுதல் கூடாது. ஒரு தலைமுறை தன்னை எவ்வாறு எண்ணிக்கொண்டது என்பதை அறிய அவற்றைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இதனை ஆராய்வதற்கு நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில், வலிகாமத்து வீடொன்றின் விறாந்தையை எண்ணிப்பார்த்தாற் போதும். அங்கே அப்பப்பா 1960களிற் பேராதனையிற் படித்தவர். அவர் மகன் 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் படித்தவர். பேத்தி அதே பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் அண்மையிற் பட்டம் பெற்றவள். இத்தகைய வீடுகள் குடாநாட்டிற் பல உள. ஆதலால் இவ்வீட்டாருக்குப் பெயர் சூட்டவேண்டிய தேவையில்லை. பட்டமளிப்பு விழாப் படம் சுவரில் ஏறிய சில நாட்களின் பின், மாலைத் தேநீர் வேளையில் அப்பப்பா பேச்சைத் தொடக்கி வைப்பார்.

"இப்ப கம்பஸிலை என்ன கிடக்குது பிள்ளை? எல்லாரும் போனைத்தானே பாத்துக்கொண்டிருக்கிறியள்!"

"உங்கட காலத்திலையும் பெரியாக்கள் இப்பிடித்தானே அப்பப்பா சொல்லியிருப்பினம்?" என்பாள் பேத்தி.

அவள் ஊகம் பிழையன்று. இன்று பேராதனையின் பெருமை என்று போற்றப்படும் கூத்து மீட்சியை எடுத்துக்கொள்வோம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தினைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். கிராமத்து வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்பட்டது ஓரிரு மணி நேரத்துள் அடங்குமாறு சுருக்கப்பட்டது. அண்ணாவியாரிடம் ஆட்டமும் தாளமும் பயின்று பட்டதாரி மாணவர்கள் ஆடினர். 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' என்பன அவ்வாறு அரங்கேறியவை. இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளிற் பேராசிரியரானார். ஆனால் அன்றைய யாழ்ப்பாணத்துப் படித்த குடும்பங்களிற் பலவற்றுக்குக் கூத்து என்பது படியாதவர் ஆட்டம். பல்கலைக்கழகத்துக்குப் போன பிள்ளை காலிற் சதங்கை கட்டி ஆடுவது அவர்களுக்கு நாணத்தைத் தந்த செய்தி. அப்பப்பாவின் தந்தையாரும், "உதுக்கோ உன்னைப் படிக்க அனுப்பினது?" என்று கடிதம் எழுதியிருக்கக்கூடும். அப்பப்பா அதனைச் சொல்வதில்லை.

இவ்விடத்திற் குறிப்பிடவேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. பேராதனைத் தமிழ் மாணவர்கள் கூத்தை நாடுவதற்குச் சில ஆண்டுகள் முன், 1956இல், பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' என்ற சிங்கள நாடகத்தை அதே பல்கலைக்கழகத்து மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். அவர் கையாண்டது 'நாடகம' என்னும் சிங்கள நாட்டார் அரங்க வடிவம். அவ்வடிவம் தமிழ்க் கூத்தினின்று கிளைத்தது என்பதை எடுத்துக்காட்டியவரும் அவரே. ஒரே வளாகத்தில், ஒரே பத்தாண்டு இடைவெளிக்குள், ஒரு கிளையிலிருந்து பிரிந்த இரண்டு கலைகளை இரு மொழி மாணவர்களும் வெவ்வேறு ஒத்திகை அறைகளில் ஆடிப்பார்த்திருக்கின்றனர். பின்னர் வரும் செய்திக்கு இது பயன்படும்.

கூத்து ஒருபுறமிருக்க, பாட்டும் இருந்தது. 1952இன் பின் அகில இந்திய வானொலி சினிமாப் பாடல்களைப் பெரிதும் விலக்கி வைத்தபோது, இலங்கை வானொலியின் வர்த்தக சேவை அவற்றை ஒலிபரப்பியது. தமிழ்நாட்டு வீடுகளிலும் கொழும்புக் குரலே கேட்டது. அவ்விரைச்சலின் நடுவே ஈழத்து மாணவர் சிலர் தாமே பாட்டுக் கட்டத் தொடங்கினர். உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம், 1960களின் பிற்பகுதியில் அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் மாணவராயிருந்த காலத்திற் பாடிய 'சின்ன மாமியே' தமிழ்ப் பொப் இசைக்குத் தொடக்கம் எனப்படுகிறது. கிற்றார், தாளத்துக்கு ஒரு மேசை, ஊர்ப் பேச்சு, சிறிது பகிடி, இவ்வளவே அதன் முதல். தாளமோ போர்த்துக்கேயர் காலத்திலிருந்து இத்தீவின் கரையோரங்களில் ஊறிக்கிடந்த பைலாவின் தாளம். சிங்களமும் தமிழுமாக ஏ. ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி' 1970களிற் கடல் கடந்து சென்னையையும் ஆட்டிவைத்தது. சங்கீத சபைகளில் அமர்ந்திருந்த பெரியவர்கள் இப்பாட்டுகளைப் பாட்டென்றே கொள்ளவில்லை. இன்று அதே பாட்டுகளைக் கல்யாண வீடுகளிற் கேட்டு அவர்களின் பிள்ளைகள் கண்கலங்குகின்றனர். துள்ளிசை என்று அதற்கு நல்ல தமிழ்ப்பெயரும் கிடைத்துவிட்டது.

யாழ்ப்பாணத்துக்கு வளாகம் வந்தது 1974இல். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய திருநெல்வேலிப் பரமேஸ்வராக் கல்லூரியின் இடத்திலே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாக அது தொடங்கிற்று; முதல் தலைவர் பேராசிரியர் க. கைலாசபதி. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாகியபோது முதல் துணைவேந்தராக அமர்ந்தவர், முன்னே கூறிய அதே வித்தியானந்தன். ஆகவே யாழ்ப்பாண வளாகம் பிறக்கும்போதே அரங்கக் கலையின் வாசனையோடு பிறந்தது எனலாம். 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த 'மண் சுமந்த மேனியர்' என்னும் நாடகத்தைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊரூராகச் சென்று ஆடினர். கோயில் வீதியிலும் பாடசாலை முற்றத்திலும் மக்கள் நிலத்தில் அமர்ந்து பார்த்தனர். சினிமாவை நாடிக் கொட்டகைக்குப் போன கூட்டம், தன் துன்பத்தைத் தன் பிள்ளைகள் ஆடக் காண்பதற்கு வந்து கூடியது. வளாகக் கலை அவ்வளவு தூரம் மதிலைத் தாண்டிச் சென்றது அதற்குமுன் இல்லை.

மகனுடைய காலம் வேறு. 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எரிபொருளும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்கள். ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் ஒரு திரியும் இட்டு எரித்த விளக்கின் ஒளியிலேயே பரீட்சைக்குப் படித்தனர். அக்காலத்து வானொலி கேட்ட முறையை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கினால் கதை என்றே நினைப்பர். துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் கையால் மிதிகட்டையைச் சுழற்றுவார். சில்லின் ரயரில் உராயும் டைனமோ ஏறத்தாழ ஆறு வோல்ற்று மின்னைத் தரும். அது ஆடலோட்ட மின்னாகையால் அப்படியே வானொலிக்குக் கொடுத்தால் இரைச்சலே மிஞ்சும். டயோட்டுகளையும் ஒரு கொள்ளளவியையும் இணைத்து நேரோட்டமாக்கவேண்டும். பௌதிகம் படித்த மாணவருக்கு அயலில் இருந்த மதிப்பு அப்போது பெரிது. சுழற்றுபவர் கை ஓய்ந்தால் பாட்டும் ஓய்ந்துவிடும். ஆதலால் முறைவைத்துச் சுழற்றினர். ஒரு பாட்டுக்கு ஒருவர் என்பது சில இடங்களில் வழக்கம். அவ்வாறு கேட்ட இளையராஜாவின் பாட்டொன்றை இன்று எந்த உயர்ந்த கருவியிற் கேட்டாலும் மகனுக்கு அதில் ஏதோ குறைவது போலவே இருக்கும். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது பல்கலைக்கழகமும் பெயர்ந்தது; 1996இல் மீண்டும் திருநெல்வேலியில் இயங்கலாயிற்று.

இம்மூன்று காலத்தையும் ஒருங்குவைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பேராதனையில் மாணவர் விடுதிகளிற் சேர்ந்து வாழ்ந்தனர். மாலையில் அவர்கள் போவதற்கு வேறிடம் இல்லை. அம்பாறையில் விடுதி; சுற்றிலும் வயலும் காடும். போர்க்கால யாழ்ப்பாணத்தில் இருட்டும் ஊரடங்கும். மூன்றிடத்திலும் இளைஞர் பலருக்கு ஒரே இடத்தில் நீண்ட மாலை வாய்த்திருந்தது. கூத்தும் துள்ளிசையும் நாடகமும் அந்த மாலையில் விளைந்த பயிர்கள். அன்றைய பரீட்சைமுறையும் அதற்கு இடந்தந்தது. ஆண்டு முடிவில் ஒரு பரீட்சை. அதற்கு முன் இரண்டு மாதம் கண் விழிப்பு. ஏனைய மாதங்களில் மாணவர் தம் பொழுதுக்குத் தாமே உடையவர். அம்முறையைச் சிறந்த கல்விமுறை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஒரு நாடகத்துக்கு ஆறு வார ஒத்திகை அந்த முறையிலேதான் இயலும்.

பேத்தியின் காலத்தில் ஆண்டுப் பரீட்சை போய்ப் பருவமுறை வந்திருக்கிறது. ஏறத்தாழப் பதினைந்து வாரத்துக்கு ஒரு பரீட்சை. இடையில் ஒப்படைகள், சிறு பரீட்சைகள், முன்வைப்புகள். விரிவுரை முடிந்ததும் ஆங்கில வகுப்பு, கணினி வகுப்பு. கலைப்பட்டம் மாத்திரம் சோறு போடாது என்ற அச்சம் அவள் முதலாண்டிலேயே அவளைப் பற்றிக்கொண்டது. 2017இல் வடக்கின் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் நாட்கணக்காக அமர்ந்திருந்ததைப் பாடசாலை செல்லும் வழியிற் பார்த்தவள் அவள். அந்தப் பந்தலைக் கண்ட பிள்ளை நாடக ஒத்திகைக்கு மனம்விட்டு வருவாளா? கைபேசியைக் குறைகூறுவது எளிது. அது கையிற் கிடக்கிறது. ஆனால் மாலையைத் துண்டு துண்டாக நறுக்கியது நேரசூசி. நறுக்கிய பத்து நிமிடத் துண்டுகளுக்குள் ஓடி நுழைந்ததே கைபேசி. பஸ்ஸுக்கு நிற்கும் பத்து நிமிடத்தில் கூத்தாட முடியாது. ஒரு காணொளி பார்க்கலாம்.

அவளுடைய தலைமுறை ஒன்றும் ஆக்கவில்லை என்று சொல்வதும் நீதியன்று. குறும்படம் எடுக்கின்றனர், சொல்லிசை பாடுகின்றனர், 2015இல் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவில் உலகப் படங்களைப் பார்த்து, அதன்பின் சென்னைப் படங்களை முன்போல் விழுந்து விழுந்து மெச்சாத இளைஞரும் உளர். ஆனால் அவர்களின் ஆக்கம் நால்வர் ஐவரின் ஆக்கமாக நிற்கிறது. பார்ப்பவரும் தனித்தனியே பார்க்கின்றனர். ஒரே அறையில் நான்கு பெண்கள் நான்கு காதொலிப்பான்களுடன் நான்கு பாட்டுக் கேட்பதை அவள் தன் விடுதியிலே கண்டிருக்கிறாள். "சண்டை பிடிக்கக்கூட ஒரே பாட்டு இல்லை அப்பப்பா" என்று அவள் சொல்லும்போது சிரிப்பு வந்தாலும், அதில் ஒரு குறையும் ஒலிக்கிறது.

பொதுவான பாட்டு இல்லாமற்போவதன் விளைவு சிரிப்புக்குரியதாக மட்டும் இருப்பதில்லை. 2009இல் போர் முடிந்தபின் நாட்டின் எல்லா மாவட்டங்களிலுமிருந்து மாணவர் யாழ்ப்பாணத்துக்கு வரலாயினர். சிங்கள மாணவர் தொகை விரைந்து பெருகிற்று. 2014இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு ஓடத் தொடங்கியமையும் அவ்வரவை எளிதாக்கியது. 2016 யூலை 16ஆந் திகதி விஞ்ஞான பீடத்திற் புதுமுக மாணவரை வரவேற்கும் நிகழ்வு. வழக்கம்போல் மேளம் நாதஸ்வரத்தோடு அழைத்துச் செல்ல ஏற்பாடாகியிருந்தது. கண்டிய நடனமும் அதில் இடம்பெறவேண்டும் என்று சிங்கள மாணவர் ஒரு பகுதியினர் விரும்பினர். வாக்குவாதம் கைகலப்பாயிற்று, இருதரப்பிலும் மாணவர் காயமுற்றனர், பல்கலைக்கழகம் சிறிது காலம் மூடப்பட்டது. நாடு முழுவதும் அது இனமோதலாகப் பேசப்பட்டது. அப்பேச்சில் உண்மை இல்லாமலில்லை. முப்பதாண்டுப் போரின் வடு இருதரப்பு மனத்திலும் இருந்தது. நாதஸ்வரம் ஊரின் வரவேற்பு, விருந்தினர் அதனை ஏற்கவேண்டும் என்பது ஒரு கட்சி. நாங்கள் விருந்தினர் அல்லோம், இது எங்களுக்கும் உரிய பல்கலைக்கழகம் என்பது மற்றக் கட்சி. இரண்டும் கேட்கத்தக்க வாதங்களே. கவனிக்கவேண்டியது, அந்த வாதம் எழுந்த நேரம். தவிலும் கண்டிய மேளமும் ஒருமுறையேனும் ஒரே மண்டபத்தில் ஒத்திகை பார்த்திருந்தால், எதை எங்கே வைப்பது என்பது கலைஞர்கள் தம்முள் பேசித் தீர்க்கும் காரியமாக இருந்திருக்கும். ஊர்வலம் புறப்படும் வேளையில் அது கொடி பிடிக்கும் காரியமாகிவிட்டது. பேராதனையிலும் இரு மொழி மாணவர் வெவ்வேறு அறைகளில்தான் ஆடினர். ஆனால் அந்த அறைகள் இருந்தன. ஒருவர் ஒத்திகை மற்றவர் காதில் விழுந்தது.

பழைய வளாக வாழ்வைப் புகழ்வோர் அதனோடு ஒட்டிவரும் ஒரு கேட்டினையும் சேர்த்துப் புகழ்ந்துவிடுவதுண்டு. பகிடிவதையைச் சொல்லுகிறது இது. புதுமுகத்தைப் பாடச் சொன்னோம், ஆடச் சொன்னோம், அதிலிருந்தே நட்பு வளர்ந்தது என்பர். 1997இல் பேராதனைப் பொறியியற் பீடத்துப் புதுமுகத் தமிழ் மாணவன் ஒருவன் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தான். அடுத்த ஆண்டில், 1998இன் 20ஆம் இலக்கச் சட்டத்தாற் பகிடிவதை தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. பயத்தினாற் பாடிய பாட்டைக் கலை என்று சொல்லுதல் தகாது. பேத்தி தன் முதலாண்டின் முதல் மாதத்தைப் பற்றி வீட்டில் இன்னும் பேசுவதில்லை. தகப்பனும் கேட்பதில்லை, தம் காலத்தை எண்ணிப்பார்த்துக் கேட்க அவருக்குத் துணிவில்லை போலும்.

எனினும், நீண்ட மாலை ஒன்று அவளுக்கும் ஒருமுறை வாய்த்தது. 2022இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோது, மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. பெற்றோல் இல்லை, யாழ்ப்பாண வீதிகளைத் துவிச்சக்கரவண்டிகள் திரும்பவும் நிரப்பின. அவ்விரவுகளிற் கைபேசிகள் ஒவ்வொன்றாக உயிர்விட்டன. அவளும் தோழியரும் விடுதி விறாந்தைக்கு வந்தனர். வெக்கை, நுளம்பு, செய்வதற்கு ஒன்றுமில்லை. யாரோ வாளியைக் கவிழ்த்துத் தட்டத் தொடங்க, முதலில் எல்லாருக்கும் தெரிந்த பாட்டு எது என்று தேடவேண்டியிருந்தது. மட்டக்களப்புப் பிள்ளைக்குத் தெரிந்தது வவுனியாப் பிள்ளைக்குத் தெரியவில்லை. குருநாகலிலிருந்து வந்தவளுக்கு இரண்டும் தெரியவில்லை. ஈற்றில் அகப்பட்டது 'சுராங்கனி'. அதன் சிங்கள அடியை அவளும் தமிழ் அடியை இவர்களும் பாடினர். மூன்றாவது இரவில் ஒரு சிறு நகைச்சுவை நாடகமும் உருவாகிற்றாம். ஒரு மாதங் கழிய மின்சாரம் சீராக, நாடகம் பாதியில் நின்றது.

இதனைக் கேட்ட அப்பப்பா சிறிது நேரம் பேசவில்லை. பின், ஒரு மின்வெட்டு வந்துதானா பிள்ளைகள் சேர்ந்து பாடவேண்டும் என்று கேட்டார். வாரத்தில் ஒரு மாலை, நாலு மணிக்கு மேல் விரிவுரையும் பரீட்சையும் வைக்காமல் விட்டு, கைலாசபதி கலையரங்கையும் நாலைந்து அறைகளையும் இரவு எட்டு மணிவரை திறந்துவைத்தால் என்ன செலவு என்பது அவர் கணக்கு. ஆசிரியத்தொழிலில் இருந்து இளைப்பாறியவர். நேரசூசி வரைவதில் அவருக்குப் பழக்கம் உண்டு. மகன் அதற்குத் தலையசைத்தார். பேத்தி தலையசைக்கவில்லை. கலைப்பீடத்திற் பெரும்பான்மையினர் பெண்கள் என்பதும், அவர்களில் விடுதி கிடைத்தவர் சிலரே என்பதும், ஏனையோர் வீட்டிலிருந்தோ வாடகை அறையிலிருந்தோ வந்துபோவதும் அப்பப்பாவின் கணக்கில் வரவில்லை.

"எட்டு மணிக்குப் பிறகு எப்பிடி அப்பப்பா வீட்டை வாறது? எங்கட றோட்டுக்குக் கடைசி பஸ் ஆறரைக்கு."

"அப்ப பஸ்ஸைப் பற்றித்தான் முதல் எழுதவேணும்" என்று கூறி, அப்பப்பா கண்ணாடியைத் தேடலானார்.